சந்தாப் பணம் யார் கணக்கில் விழுகிறது? சிறு தளம் நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"உங்கள் தளத்தைக் கட்டணச் சந்தாத் தளமாக மாற்றித் தருகிறோம், மூன்றே மாதத்தில் ஆயிரம் சந்தாதாரர்" என்று யாராவது வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏமாந்த தளங்களின் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சொல்லி, ஸ்ட்ரைப் (இணையத்தில் கார்டுப் பணம் வசூலித்துத் தரும் சேவை) கணக்கைத் தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே திறந்துவிடுவார்கள். கமிஷன் போக மிச்சம் மாதாமாதம் வரும். கொஞ்ச நாளில் தாமதமாகும். பிறகு "ரீஃபண்டுக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்பார்கள். விலகலாம் என்று பார்க்கும்போதுதான் சிக்கல் புரியும். சந்தாதாரர்களின் கார்டு விவரம் தளத்தில் இல்லை, அந்தக் கணக்கில் இருக்கிறது. தளத்தில் இருப்பது வெறும் அடையாள எண். வேறு கணக்கில் அது செல்லாது. கார்டு விவரங்களை இன்னொரு கணக்குக்கு மாற்ற ஸ்ட்ரைப்பில் வழி உண்டு, ஆனால் அதற்குக் கணக்கின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். அவர் ஏன் சம்மதிக்கப் போகிறார்? ஒவ்வொரு சந்தாதாரரையும் மறுபடி கார்டு போடச் சொல்ல வேண்டியதுதான்.

ஆகவே தளம் திறந்த அன்றே உங்கள் சொந்தக் கார்டில் ஒரு மாதச் சந்தா கட்டிப் பாருங்கள். அவர்கள் 4242 4242 4242 4242 என்ற டெஸ்ட் கார்டைப் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதில் பணம் நகராது. உங்கள் வங்கி ஸ்டேட்மெண்டில் என்ன பெயர் வருகிறது? முன்பின் தெரியாத பெயர் என்றால், நாளைக்கு உங்கள் வாசகரும் "இது நான் கட்டியதே இல்லை" என்று வங்கியில் புகார் கொடுப்பார். விசா கார்டில் பெரும்பாலும் 120 நாள் வரை அப்படிக் கேட்கலாம். தொகையும் போகும், புகாருக்கான கட்டணமும் சேரும். பெயர் சரியாக இருந்தாலும் அதோடு விடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் அமைக்கலாம். கணக்கில் நீங்களே நுழைந்து, உரிமையாளர் யார், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். அமைத்துக் கொடுப்பவருக்கு டெவலப்பர் அனுமதி போதும்.

அடுத்தது பூட்டு, அதாவது பணம் கட்டாதவர் கட்டுரையைப் படிக்காமல் தடுப்பது. பல தளங்களில் கட்டுரை முழுதும் பக்கத்தில் இறங்கிவிடும், மேலே ஒரு திரை மட்டும் மூடும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, அல்லது பக்கத்தின் சோர்ஸை (பக்கத்தின் மூல நிரலை) திறந்து, கட்டுரையின் கடைசி வரியைத் தேடுங்கள். கிடைத்தால் அது பூட்டு இல்லை. பணம் கட்டாதவருக்கு சர்வரே அந்த வரியை அனுப்பக்கூடாது.

இதைவிட மோசமாக, கண்ணில் படாமல் ஓடும் கோளாறு ஒன்று உண்டு. முதல் பணம் வந்த செய்தியை மட்டும் கேட்டு அனுமதி கொடுப்பார்கள். அடுத்த மாதம் கார்டு மறுக்கப்பட்டதும் சந்தா ரத்தானதும் வெப்ஹுக்கில் (ஸ்ட்ரைப் தளத்துக்குத் தானாக அனுப்பும் செய்தியில்) வந்தாலும் தளம் கண்டுகொள்ளாது. ஒரு முறை கட்டியவர் ஆயுளுக்கும் இலவசமாகப் படிப்பார். உங்கள் சோதனைச் சந்தாவை ஸ்ட்ரைப் கணக்கிலிருந்து உடனடி ரத்து செய்யுங்கள். அதன் பிறகும் பூட்டிய கட்டுரை திறந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஆயிரம் சந்தாதாரர் கணக்கையும் நம்பாதீர்கள். 100 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனில் வந்தவரும், 7 நாள் இலவசமாகப் பார்க்க வந்தவரும் அந்த எண்ணில் இருப்பார்கள். "இரண்டாவது மாதப் பணம் கட்டியவர் எத்தனை பேர்?" என்று மட்டும் கேளுங்கள், அவர்களுக்கான கூலியையும் அந்த எண்ணை வைத்தே பேசுங்கள். மாதம் 8 சதவீதம் பேர் விலகினால் 100 பேரில் ஒரு வருடத்தில் மிஞ்சுவது 37 பேர். 5 சதவீதம் என்றால் 54.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: சண்டை தொடங்கும் முன் உறுப்பினர் பட்டியலை மின்னஞ்சலோடு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டாட் காம் போன்ற டொமைன் உங்கள் பெயரில் இருந்தால், கேட்ட 5 நாளுக்குள் பதிவு நிறுவனம் மாற்றக் குறியீட்டை (டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டை) தர வேண்டும், அது டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. சொந்தக் கணக்கு திறந்து, பழைய கணக்குக்குப் போகும் சந்தாப் பொத்தானைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த வசூல் தேதிக்கு முன்பே எல்லோருக்கும் மடல் போடுங்கள். பழைய சந்தாவை எப்படி ரத்து செய்வது என்பதையும் அதே மடலில் எழுதுங்கள், இல்லையென்றால் ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் பிடித்துவிடும்.