தையல்சிட்டா, கறிவேப்பிலை அழகியா?

வீட்டைச் சுற்றி வரும் உயிர்களில் எதை உட்கார்ந்து கவனிக்கலாம் என்று கேட்டால், தையல்சிட்டு என்ற குருவியையும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியையும்தான் சொல்வேன். இரண்டும் ஊருக்குள்ளேயே வாழ்பவை. இரண்டுமே எதிரி கண்ணில் மண்ணைத் தூவுவதில் கெட்டி, வழிதான் வேறு.

தையல்சிட்டின் எடை பத்து கிராமைத் தாண்டுவது அரிது. குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். கூட்டுக்காக இலையைத் தைப்பது பெண்குருவிதான். அகலமான இலையின் ஓரங்களில் அலகால் பொடிப்பொடியாகத் துளையிட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ நுழைத்து இழுக்கும். முடிச்சு கிடையாது. துளைக்கு வெளியே வந்த நுனி பிரிந்து உப்பிக்கொள்வதால் நூல் நழுவாது. இலையைக் காம்பிலிருந்து பறிக்காததால் பச்சையும் மாறாது. கத்தரிச் செடியில் இடுப்பு உயரத்தில் கூடு இருந்தாலும் சட்டென்று கண்ணில் படாது.

கறிவேப்பிலை அழகி எதையும் கட்டுவதில்லை. தன் உடம்பையே மாற்றிக்கொள்கிறது. கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ இட்ட முட்டையிலிருந்து வரும் இளம்புழு, பார்வைக்கு அசல் பறவை எச்சம். வளர்ந்தபின் பச்சை நிறம். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி சிவப்பாக ஒன்றை நீட்டி நெடியைக் கிளப்பும். அப்புறம் பெண் பட்டாம்பூச்சிகளின் வேடம். சில ஆணைப் போலவே இருக்கும். மற்றவை ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற வேறு பட்டாம்பூச்சிகளில் ஒன்றை அப்படியே ஒத்திருக்கும். அந்த இரண்டும் புழுவாக ஈஸ்வரமூலி வகைச் செடிகளைத் தின்று நஞ்சேறியவை, பறவைகள் ஒதுக்கிவிடும். நஞ்சே இல்லாத இவளுக்கும் அதே பாதுகாப்பு. இந்த வேடத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள்.

கைத்திறனில் சிட்டை அடிக்க ஆளில்லை. ஆனாலும் என் ஓட்டு அழகிக்குத்தான். மாடிவீட்டில்கூட ஒரு தொட்டிக் கறிவேப்பிலை போதும், முட்டை முதல் சிறகு வரை பக்கத்திலேயே பார்த்துவிடலாம். சிட்டுக்குப் புதரும் அகல இலையும் வேண்டும். கூட்டருகே அடிக்கடி போனால் விட்டுவிட்டுப் போய்விடவும் கூடும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், அழகிதான்.

புழு தின்று சின்னச் செடி மொட்டையாகும்தான். ஆனால் கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும். தோட்டம் உள்ளவர்கள் இரண்டையும் வரவழைக்கலாம்; பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இந்த மாதிரிப் புழு பூச்சிகளைத்தான்.