தங்கமீனுக்கு வெண்புள்ளி நோய்: உப்பா, சூடா, மருந்தா?

உப்பைப் பொடித்துத் தூவியதுபோல் உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், இல்லையென்றால் சரளையில் போய்ப் பக்கவாட்டில் உரசும். இக்தியோஃப்திரியஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை இது. உப்பு போடு என்பார் ஒருவர், ஹீட்டரைக் கூட்டு என்பார் இன்னொருவர், மருந்து ஊற்று என்பார் மூன்றாமவர்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் புள்ளி மீனின் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. அதை உப்பும் மருந்தும் தொடாது. முற்றியதும் அது உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டி, உறை போர்த்திக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிளவுபடும். பிறகு வெளியே நீந்திவரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். அந்த நிலையில்தான் அவற்றைக் கொல்ல முடியும். அதனால், மீனை வதைக்காமல் தண்ணீரை அத்தனை நாளும் அவற்றுக்கு விஷமாக வைத்திருக்க எந்த வழியால் முடியும் என்பதே கேள்வி.

தொடங்குமுன் ஒரு சோதனை. செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் முள்ளிலும் மட்டும் வரிசையாகப் புள்ளி இருந்து, மீன் நன்றாகத் தின்றால், அது இனப்பெருக்கப் பருவத்து ஆண் மீன், வைத்தியம் வேண்டாம். பஞ்சுபோல் படர்ந்திருந்தால் அது பூஞ்சையாகவோ பாக்டீரியாவாகவோ இருக்கலாம். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

உப்பிலிருந்து தொடங்கலாம். தங்கமீன் உப்பை நன்றாகத் தாங்கும். லிட்டருக்கு 3 கிராம்வரை கொண்டுபோகலாம். வேறெதுவும் சேர்க்காத சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும். கரண்டியால் அளக்காதீர்கள், கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் ஒரே கரண்டியில் எடை வேறுபடும். தண்ணீர் நிற்கும் அளவு 60 × 30 × 30 செ.மீ. என்றால் 54 லிட்டர்; சரளைக்குக் கழித்தால் ஏறக்குறைய 50. ஆக மொத்தம் 150 கிராம். இதை 50 கிராமாகப் பிரித்து, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். கால்பங்கு தண்ணீர் மாற்றினால், எடுத்த 12.5 லிட்டரோடு போன 37.5 கிராமை மட்டும் திரும்பச் சேருங்கள். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் போதும், உப்பு ஆவியாவதில்லை. இங்கே கணக்குத் தவறித்தான் பலர் உப்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஃபில்டரில் அமோனியாவை உறிஞ்சும் ஜியோலைட் கல் இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். உப்பு பட்டால் அது பிடித்துவைத்த அமோனியாவைத் தண்ணீரில் கக்கிவிடும். செடிகளுக்கு இந்த அளவு ஆகாது, வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

சூடு எப்படி? 30 டிகிரியில் ஒட்டுண்ணியின் பெருக்கம் தடைப்படும், உண்மைதான். ஆனால் தங்கமீன் குளிர்நீர் மீன், ஆக்சிஜன் நிறையக் கேட்கும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். செவுளில் ஏற்கெனவே ஒட்டுண்ணி இருக்கும் மீனுக்கு இந்தக் குறைவு பெரிய அடி. நோயைத் தப்பாகக் கணித்து, வந்திருப்பது கொலும்னாரிஸ் பாக்டீரியாவாக இருந்தால், சூடு அதற்கு ஊட்டம். தனி வைத்தியமாக இது தோற்கும் வழி. உப்புக்குத் துணையாக, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி என்று 24 வரை ஏற்றுவது வேறு: ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகி, குஞ்சுகள் சீக்கிரம் வெளியே வரும். ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

மருந்து என்றால் பெரும்பாலும் மலக்கைட் கிரீன் என்ற சாயம், அல்லது அதோடு ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) சேர்ந்த கலவை. வேகத்தில் உப்பை மிஞ்சும். அதற்கேற்ற விலையும் உண்டு: ஃபார்மலின் ஆக்சிஜனைக் குறைக்கும், மலக்கைட் கிரீன் தொட்டிக் கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசையில் கறை போடும். கையுறை கட்டாயம். ஃபில்டரில் உள்ள கார்பன் மருந்தை உறிஞ்சிவிடும், யு.வி. விளக்கு சிதைத்துவிடும், இரண்டையும் நீக்காமல் ஊற்றிவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்பது வழக்கமான புலம்பல். ஃபார்மலின் புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் தொடவே வேண்டாம். அது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்குக் கொடிய விஷம். சூடான தண்ணீரில் ஃபார்மலினின் நச்சு கூடும், ஆகவே 30 டிகிரியும் முழு அளவு மருந்தும் ஒரே தொட்டியில் வேண்டாம். அளவு லேபிளில் உள்ளபடி, நிஜமான தண்ணீர்க் கொள்ளளவுக்கு.

தின்றுகொண்டு திரியும் மீனில் நாலைந்து புள்ளி என்றால், உப்பும் 24 டிகிரியும் போதும் என்பதே எங்கள் கட்சி. மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் செவுள் பாதித்திருக்கிறது. அப்போது மெதுவாகப் போக நேரமில்லை, காற்றைக் கூட்டி மருந்துக்குப் போங்கள். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் செவுளில் மட்டும் நோய் இருப்பதும் உண்டு. நுண்ணோக்கி வைத்திருப்பவர் தோலின் சளியைச் சுரண்டிப் பார்க்கலாம்: மெல்ல உருளும் உருண்டை, உள்ளே குதிரை லாடம் போன்ற உட்கரு. வேறெதோடும் குழம்பாது.

எந்த வழியானாலும் மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அவை உதிர்ந்து அடியில் பிளந்துகொண்டிருக்கலாம். 24 டிகிரியில் கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம். 18 டிகிரியில் சுற்று நீளும் என்பதால் இரண்டு வாரமாவது தொடருங்கள். வலையை இன்னொரு தொட்டிக்குக் கொண்டுபோகுமுன் முழுக்கக் காயவிடுங்கள்.