பொறியாளர் மதிப்பீட்டுக்கு ஏஜென்சியிடம் 2,400 டாலர் கொடுத்தேன். நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்

முடிவுக் கடிதம் முந்தாநாள் வந்தது. கை இன்னும் படபடக்கிறது. ஆனாலும் சூட்டோடு எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிமிடமும் யாரோ ஒருவர் அவர்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

வேலைத்திறனை வைத்துக் குடியேறுவதற்கான ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 விசாக்களுக்குத் திறன் மதிப்பீடு கையில் இருந்தால்தான் அடுத்த அடியே வைக்க முடியும். பொறியாளர்களுக்கு அதைச் செய்வது எஞ்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின்படி அங்கீகாரம் பெற்ற பட்டம் என்றால் வேலை சுலபம். என் பட்டம் அதில் வராது. அதனால் சிடிஆர் என்ற திறன் விளக்க அறிக்கை கொடுக்க வேண்டும். நாமே செய்த வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள், பத்திக்குப் பத்தி எண் போட்டு, 'நான் கணக்கிட்டேன், நான் வடிவமைத்தேன்' என்று நாமே சொல்வதாக எழுத வேண்டும். அப்புறம் எந்தப் பத்தி எந்தத் திறனைக் காட்டுகிறது என்று ஒரு சுருக்க அட்டவணை.

மூன்றையும் நானே எழுதினேன். ஆங்கிலத்தை மட்டும் சரிபார்க்கத்தான், சிடிஆர் வேலை செய்துதரும் ஒரு ஆன்லைன் ஏஜென்சியிடம் போனேன். வீடியோ அழைப்பில் வந்தவர் என் வரைவைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். பம்ப் அதிர்வைப் பற்றி எழுதியிருந்த பகுதியைக் காட்டி, "சார், இங்க உங்க டீம் செஞ்சதுன்னு வருது, நீங்க செஞ்சது எதுன்னு தெரியல. அதைத்தான் அவங்க தேடுவாங்க" என்றார். சரியான பேச்சு. விஷயம் தெரிந்த ஆள், என் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார் என்று மனம் நம்பியது அங்கேதான். "நீங்க எழுதினதுல கைவைக்க மாட்டோம் சார், மொழியை மட்டும் திருத்துவோம்" என்றும் சொன்னார். அன்று மாலையே 2,400 ஆஸ்திரேலிய டாலர் அனுப்பினேன். மதிப்பீட்டுக் கட்டணம் இதில் சேராது, அது தனி.

எஞ்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா தளத்தில் என் பெயரிலான கணக்கை அவர்களுடைய மின்னஞ்சலில் திறந்தார்கள். இறுதிப் பிரதியைக் கேட்டேன். "அது கம்பெனி டெம்ப்ளேட் சார், வெளியே தர்றதில்லை" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டபோது, ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது வந்த கடிதத்தில் இருப்பது: என் அறிக்கையின் பகுதிகள் முன்பே வேறொருவர் கொடுத்த அறிக்கையோடு ஒத்துப்போகின்றன, எனவே நிராகரிப்பு, ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. சண்டை போட்டு இறுதிப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். என் பம்ப் கட்டுரையே அதில் இல்லை! அந்த இடத்தில், நான் வாழ்நாளில் தொட்டிராத ஒரு வெப்பப் பரிமாற்றிக் கதை. கீழே உறுதிமொழியில் என் பெயர்.

அதற்குப் பிறகு, அன்று அவ்வளவு பேசிய மனிதர் போனை எடுக்கவே இல்லை. எடுத்த பெண், "அவர் மீட்டிங்ல இருக்கார்" என்றார். அடுத்தவர், "மேல்முறையீடு போடலாம் சார், அதுக்குத் தனிக் கட்டணம்" என்றார். 2,400 டாலரைத் திருப்பிக் கேட்டால், "கட்டணம் சேவைக்குத்தான், முடிவுக்கு இல்லை" என்று ஒரு வரி. இப்போது வாட்ஸப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள்.

2,400 டாலர் மட்டும் போகவில்லை. எனக்கு 33 ஆகப் போகிறது. இந்த விசாக்களுக்கான புள்ளிக் கணக்கில் வயதுக்குக் கிடைக்கும் 30 புள்ளி அன்றோடு 25 ஆகிவிடும். 65 புள்ளி இருந்தாலே விருப்பத்தைப் பதிவு செய்யலாம் என்பது சட்டம்தான், ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வருவது அதைவிட அதிகம் உள்ளவர்களுக்கு என்பது இந்த வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த 5 புள்ளியை எந்த ஏஜென்சி திருப்பித் தரும்?

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது தெம்பில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் இருக்கட்டும். கடைசிப் பிரதியை வரிவரியாகப் படிக்காமல் சமர்ப்பிக்க விடாதீர்கள். பிரதி தர மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். குடியேற்ற முகவர் என்று சொன்னால் அவருடைய பதிவு எண்ணை, ஆஸ்திரேலியக் குடியேற்ற முகவர்களைப் பதிவு செய்யும் ஓமாரா அமைப்பின் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். இவர்கள் கடிதத்தாளில் அச்சடித்திருந்த எண் வேறு யாருடையதோ. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து செய்பவர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயமும் இல்லை, அதனால் பிறகு புகார் கொடுக்கவும் வழி குறைவு. பாசிட்டிவ் முடிவுக்கு உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வங்கியில் புகார் கொடுக்கப் போகிறேன். 2,400 டாலரில் ஏதாவது திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.