கல்லடி ஏ.எல். பிசிக்ஸ் கிளாஸ்: பிசிசிஸ்ட் ஆகப் போற பிள்ளைக்கு ஓகே, மத்தாக்கள் யோசிச்சு சேருங்க

தம்பிக்கு பிசிசிஸ்ட் ஆகணுமாம். அதால மட்டக்களப்பு டவுனுக்க இருந்த பெரிய கிளாஸ விட்டுட்டு கல்லடிப் பாலம் தாண்டி ஒரு வீட்டு ஹோல்ல நடக்கிற சின்ன கிளாஸுக்கு மாத்தினம். தகரக் கூரை, பின்னேரத்துல அவியும், ஃபேன் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

ஆனா இந்த சேர் செய்முறைய பிள்ளையள்ட கையில குடுத்து செய்ய விர்றார். போன மாசம் பரிவுக் குழாய். இசைக்கவைய தட்டி குழாய்ட வாயில புடிச்சு, தண்ணி மட்டத்த இறக்கி, சத்தம் கூடுற இடத்த அளந்து, நாலஞ்சு கவைக்கு எடுத்து குழாய்க்குள்ள காத்து நிக்கிற நீளத்துக்கும் 1/f க்கும் (f எண்டா மீடிறன், கவை செக்கனுக்கு எத்தின தரம் அதிருது எண்டது) கிராஃப் கீறினா கோடு உற்பத்திப் புள்ளியால (0,0) போகாது, கொஞ்சம் கீழ வெட்டும். பாதிப் பேர் பிழையாக்கும் எண்டு ரப்பர எடுத்துட்டாங்களாம். "கோட்டத் தொடாதீங்க, ஏன் கீழ வெட்டுது எண்டு சொல்லுங்க" எண்டு சேர் அப்படியே விட்டுட்டார். அது முனைத் திருத்தம், அதாவது அதிர்ற காத்து குழாய்ட வாய்க்கு வெளியாலயும் கொஞ்சம் நீளுறது, குழாய்ட ஆரையில கிட்டத்தட்ட 0.6 மடங்கு, கிளாஸ்ல குடுக்கிற டியூட் நோட்ல ஒரு வரியில கிடக்கிற விஷயம்தான். வந்த டேட்டாவ நமக்கு ஏத்த மாதிரி வளைக்காம அது என்ன சொல்லுது எண்டு பாக்கிற பழக்கம் எனக்கு வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழக கெம்பஸ் லெப்புக்குப் போன பொறகுதான் வந்திச்சு.

பேரன்ட்ஸ்கிட்டயும் சேர் பூசி மெழுகமாட்டார். பயோ பிள்ளையளும் இதே பிசிக்ஸ் பேப்பர்தான் எழுதுறாங்க, எண்டாலும் பிசிசிஸ்ட் ஆகணுமெண்டா இணைந்த கணிதம் வேணும், பொறகு வந்தாறுமூலையோ சம்மாந்துறையில இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழக பக்கல்ட்டியோ எங்க கிடைச்சாலும் 4 வருச ஹானர்ஸுக்கு முயற்சி பண்ணணும், அதுக்கு மேல பிஎச்டி. அமெரிக்காவுக்கெண்டா டிகிரியோடயே நேரா பிஎச்டிக்குப் போடலாம், அஸிஸ்டன்ட்ஷிப் (கெம்பஸ்லயே படிப்பிக்கிற, ஆராய்ச்சி வேலை) கிடைச்சா பீஸும் இல்ல, மாசம் கைச்செலவுக்கும் வரும், ஆனா அஞ்சாறு வருசம் போகும், முடிச்ச பொறகும் போஸ்ட்டொக் எண்டு தற்காலிக ஆராய்ச்சி வேலையில இழுக்கும். இதெல்லாம் நான் எத்தின தரம் சொல்லியும் அம்மா கேக்கல்ல, சேர் ஒருக்கா சொன்னார், தலையாட்டிட்டா.

குறை எண்டா ஸ்பீட். முதலாம் பேப்பர்ல 50 கேள்வி, 2 மணித்தியாலம், அதுக்கு இங்க பயிற்சி காணாது. சிலபஸும் பின்னுக்கு நிக்குது, மின்னியல் இன்னும் தொடங்கவே இல்ல. பேப்பர் கிளாஸ் ஒண்டு தனியா போட்டே ஆகணும், செலவு ரெண்டு மடங்கு.

5க்கு 4. கெம்பஸ் எடுபடப் பாக்கிற இசட் ஸ்கோர் மட்டும்தான் நோக்கம் எண்டா 3. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தால வாற பிள்ளையள் பஸ் நேரத்த முதலே சேர்கிட்ட சொல்லிட்டு சேருங்க, ஆறு மணி எண்டு சொல்லி ஏழுக்குத்தான் விடுவார்.