காது பரிசோதனை: தேதி வரிசையா, அவசர வரிசையா?

ஊட்டி அரசு மருத்துவமனையில் காது பரிசோதனைக்குக் காத்திருப்பவர்களைப் பதிவு செய்த தேதிப்படி அழைப்பது சுலபம்; சிபாரிசு எடுபடாது. ஆனால் பந்தலூர் கைக்குழந்தையும், தேயிலை ஃபேக்டரி இரைச்சலில் காது மந்தமான தாத்தாவும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். குழந்தை பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவ நெறி. தாமதித்தால் பேச்சும் பின்தங்கும்.

அதனால் அவசரம் பார்த்து அழைக்கும் முறைக்கே என் ஓட்டு. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனவரையும் இதில் உடனே பார்த்துவிடலாம்.

சரி, தாத்தா? அவர் பெயர் கடைசியிலேயே தங்கிவிடக்கூடும். குறிப்பிட்ட மாதங்கள் தாண்டினால் தானாக மேலே ஏறும் என்று விதியிலேயே எழுத வேண்டும். அப்புறம், கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. எந்த முறையானாலும் முந்தின நாளே போனில் உறுதிசெய்துவிட்டு வரச்சொல்லுங்கள்.