டாம்கேட், ஜெட்டி, அண்டர்டோ: ஜாருக்குள் எதை வைப்பது?

ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் வெப் ஸ்டார்ட்டரைச் சேர்த்தவுடன், ரிக்வெஸ்ட்டுகளை வாங்கிப் பதில் தரும் டாம்கேட் சர்வர் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான டீம்கள் அதோடு விட்டுவிடுகின்றன, தப்பே இல்லை. ஆனால் எப்போதாவது ஒருவர் எங்கோ பார்த்த பெஞ்ச்மார்க் கிராஃபைக் காட்டி, "அண்டர்டோவுக்கு மாறிடலாமா? ஜெட்டி இன்னும் லேசா இருக்குமாமே?" என்று ஆரம்பிப்பார். பில்ட் கருவியான மேவனின் ஃபைலில் டாம்கேட் ஸ்டார்ட்டரை விலக்கிவிட்டு இன்னொன்றைச் சேர்ப்பது சில வரி வேலைதான் என்பதால் ஆசை சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். வழக்கமான, டேட்டாபேஸை நம்பி ஓடும் அப்ளிகேஷனில் இந்த மூன்று சர்வர்களுக்கும் நடுவே ஆகச் சின்ன வித்தியாசம் வேகம்தான் என்பது என் கட்சி. டிஃபால்ட் செட்டிங்குகள், சர்வரை நிறுத்தும் விதம், சர்வ்லெட்டின் (ஜாவா வெப் கோடும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறை) புதுப் பதிப்பு வரும்போது யார் முதலில் தயாராகிறார்கள் என்பது, இவைதான் மாறுகிறவரைக் கடிக்கும்.

வேகத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். பூட் வழியாக வரும் டாம்கேட்டிலும் ஜெட்டியிலும் அதிகபட்ச த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் வேலையாட்கள், 200. பூட் கூடவே கொண்டுவரும் ஹிகாரி கனெக்‌ஷன் பூலில், அதாவது திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பில், டிஃபால்ட் 10. இருநூறு ரிக்வெஸ்ட் உள்ளே வந்தாலும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸைத் தொடுவது பத்துதான். மீதி எல்லாம் வரிசையில். இந்த லட்சணத்தில் ஹெடரைப் பிரித்துப் படிக்க எந்த சர்வர் எத்தனை மைக்ரோசெகண்ட் எடுக்கிறது என்று சண்டை போடுவது, பந்தியில் பத்து இலையை மட்டும் போட்டுவிட்டு மண்டப வாசலை அகலமாக்குவது மாதிரி.

அண்டர்டோவில் கணக்கே வேறு. நெட்வொர்க்கைக் கவனிக்கும் ஐஓ த்ரெட்டுகள் ப்ராசஸர் கோர் எண்ணிக்கைக்குச் சமம், குறைந்தது 2. காத்திருக்க வைக்கும் வேலைகளைச் செய்யும் வொர்க்கர் த்ரெட்டுகள் அதைப்போல 8 மடங்கு. நான்கு கோர் மெஷினில் 32 வரும். ஒரே கோர் ஒதுக்கிய கன்டெய்னரில் 16தான். வெளியே இருக்கும் ஒரு பேமென்ட் ஏபிஐ திடீரென்று மந்தமாகி, பதில் தர மூன்று நொடி எடுக்கிறது என்று வையுங்கள். பதினாறு பேர் அங்கே மாட்டிக்கொண்டால் பதினேழாவதாக வருகிற ஹெல்த் செக்கும் காத்து நிற்கும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸோ பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) செத்துவிட்டதாக முடிவுகட்டி ரீஸ்டார்ட் செய்யும். வேகத்துக்காக மாறிய இடத்தில் இது நடந்தால் யாருக்கும் முதலில் த்ரெட் எண்ணிக்கை நினைவுக்கு வராது, ஏனென்றால் டாம்கேட்டில் அதைத் தொட்டதே இல்லை.

அப்ளிகேஷனுக்குள்ளேயே வைக்கும் எம்பெடட் சர்வர் எதற்கு என்ற அடிப்படைக் கேள்விக்கு வருவோம். முன்பு டாம்கேட்டைத் தனியாக நிறுவி, அதன் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் வார் ஃபைல்களை (சர்வரில் போடும் அப்ளிகேஷன் பேக்கேஜ்கள்) போடுவோம். ஐந்து அப்ளிகேஷனில் ஒன்று மெமரியைத் தின்றால் ஐந்தும் படுக்கும். இப்போது மெயின் மெத்தட் நம்முடையது. சர்வர் அதற்குள் ஒரு லைப்ரரி. ஒரு ஜார் (ஜாவா பேக்கேஜ் ஃபைல்), ஒரு ப்ராசஸ், ஒரு போர்ட். பாதுகாப்பிலும் ஒரு லாபம் உண்டு. 2020-இல் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியானபோது, அது இருந்த ஏஜேபி கனெக்டர் (முன்னால் நிற்கும் வெப் சர்வர் டாம்கேட்டோடு பேசும் வழி) தனி டாம்கேட்டில் 8009 போர்ட்டில் தானாகவே திறந்திருந்தது. பூட்டுக்குள் ஓடும் டாம்கேட்டில் நாமாகச் சேர்த்தால் ஒழிய அது கிடையாது. நஷ்டமும் இருக்கிறது: தனி டாம்கேட் என்றால் ஒரு முறை பேட்ச் போட்டால் அந்த மெஷினில் உள்ள எல்லா அப்ளிகேஷனுக்கும் ஆயிற்று, எம்பெடட் என்றால் முப்பது சர்வீஸ் இருந்தால் முப்பதையும் திரும்பக் கட்டி டிப்ளாய் செய்ய வேண்டும். பில்டை ஆட்டோமேட் செய்யாத இடங்களில் இது சாதாரணத் தலைவலி இல்லை.

ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லாமல் வெறும் கையால் எழுதிப் பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். ஜெட்டி இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். 1995-இல் கிரெக் வில்கின்ஸ் தொடங்கிய ப்ராஜெக்ட். அப்ளிகேஷனை ஜெட்டிக்குள் போடாதே, ஜெட்டியை அப்ளிகேஷனுக்குள் போடு என்பதே அதன் பழைய கோஷம். போர்ட் எண்ணைக் கொடுத்து ஒரு சர்வர் ஆப்ஜெக்ட், அதற்கு ஒரு ஹேண்ட்லர், பிறகு ஸ்டார்ட். அவ்வளவுதான். ஜென்கின்ஸின் வார் ஃபைலை நேரடியாக ஜாவா கமாண்டில் கிளப்பினால் உள்ளே ஓடுவது ஜெட்டி. சோலர் தேடல் சர்வருக்குள் இருப்பதும் அதுவே. சர்வர் இருப்பதே பயனருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிற ப்ராடக்ட்டுகள் ஜெட்டியைத் தேடிப் போவதில் ஆச்சரியமில்லை.

டாம்கேட்டை எம்பெட் செய்யும் வசதி பின்னால் வளர்ந்தது. ஏழாம் பதிப்பில்தான் அதற்கென்று ஒழுங்கான கிளாஸ் வந்தது. அதனால் சில மூலைமுடுக்குகள் இன்னும் குத்தும். போர்ட்டை 8080 என்று செட் செய்து, சர்வ்லெட்டைச் சேர்த்து, ஸ்டார்ட்டும் கொடுத்துவிட்டீர்கள். எர்ரர் ஒன்றும் இல்லை. பிரவுசரில் போனால் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட். காரணம், ஒன்பதாம் பதிப்பிலிருந்து கெட்கனெக்டர் மெத்தடை ஒரு முறை கூப்பிட்டால்தான் போர்ட்டில் காத்திருக்கும் கனெக்டரே உருவாகும். பெயரைப் பார்த்தால் இருப்பதை எடுத்துத் தருவது போலத்தான் இருக்கிறது; செய்வதோ உருவாக்கும் வேலை. பழைய பதிப்புக்கு எழுதிய டுடோரியலைப் பார்த்து டைப் செய்பவர்கள் இதில்தான் முட்டிக்கொள்வார்கள். அடுத்தது, கடைசி வரியில் அவெய்ட் கொடுக்காவிட்டால் மெயின் முடிந்ததும் ஜேவிஎம் தானும் கிளம்பிவிடும், டாம்கேட்டின் த்ரெட்டுகள் டீமன் வகை, அதாவது ஜேவிஎம்மைப் பிடித்து நிறுத்தாதவை, என்பதால். பேஸ் டைரக்டரி சொல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே டாம்கேட் டாட் 8080 என்று ஒன்றை உருவாக்கி வைக்கும். கிட்டில் தெரியாமல் கமிட் ஆகிக் கிடப்பது அதுதான்.

பூட் இவற்றை எல்லாம் நமக்காகக் கவனித்துக்கொள்கிறது என்றாலும் முழுக்க ஒளிந்துவிடுவதில்லை. பூட்டில் அந்த டைரக்டரி டெம்ப் ஃபோல்டருக்குப் போகும். லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7-இல் பத்து நாள் தொடாத டெம்ப் ஃபைல்களை சிஸ்டம்டி துடைத்துவிடும். பழைய பூட் பதிப்புகளில், கொஞ்ச நாள் நன்றாக ஓடிய சர்வீஸில் திடீரென்று ஃபைல் அப்லோடு மட்டும் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் இதுதான். பேஸ் டைரக்டரியை வேறு இடத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

அண்டர்டோவின் எழுத்து மூன்றிலும் அழகு. பில்டரில் போர்ட், ஒரு லாம்டா, ஸ்டார்ட். ஆனால் அந்த லாம்டா ஐஓ த்ரெட்டில் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதற்குள் டேட்டாபேஸைக் கேட்கும் ஒரு ஜேடிபிசி க்வெரியைப் போட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள், எச்சரிக்கையும் வராது. லோடு ஏறும்போது மொத்த சர்வரும் மூச்சு முட்டி நிற்கும். டிஸ்பேட்ச் கொடுத்து வொர்க்கருக்குத் தள்ளுவது நம் பொறுப்பு. சர்வ்லெட் வழியாகப் போனால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மாறும்போது கடிக்கிற இன்னொரு டிஃபால்ட், ஃபார்ம் அளவு. டாம்கேட் 2 எம்பி வரை ஏற்கும். ஜெட்டி 2,00,000 பைட்டோடு நிறுத்திவிடும். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட இன்வாய்ஸ் ஸ்க்ரீனை ஒரே ஃபார்மாக அனுப்புகிற பழைய அப்ளிகேஷன் டாம்கேட்டில் ஓடும், ஜெட்டியில் உதைக்கும். டெஸ்டில் மூன்று வரி இன்வாய்ஸ் போட்டுப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. அண்டர்டோவில் வரம்பே இல்லை. அது வேறு விதக் கவலை. டாம்கேட்டுக்கு யூஆர்எல்லில் கண்டிப்பு அதிகம். எஸ்கேப் செய்யாமல் தமிழ் எழுத்தை அப்படியே யூஆர்எல்லில் போட்டு கர்ல் கொண்டு அடித்தால் 400 (தவறான ரிக்வெஸ்ட்) திரும்பும். பிரவுசர் தானே என்கோட் செய்துவிடுவதால் அங்கே தெரியாது. ஜேஎஸ்பி (ஜாவாவின் பழைய வெப் பக்க டெம்ப்ளேட்) இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூட்டுக்குள் அண்டர்டோ ஜேஎஸ்பியை ஆதரிக்காது, மற்ற இரண்டிலும் வார் பேக்கேஜிங்காக இருந்தால் ஓடும்.

நிறுத்தும் விதத்தில் உள்ள வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்டுகளை முடித்துவிட்டு இறங்கும் வசதி பூட் 2.3-இல் வந்தது; 3.4 முதல் அதுவே டிஃபால்ட். அந்த நேரத்தில் டாம்கேட்டும் ஜெட்டியும் புது ரிக்வெஸ்ட்டுகளை நெட்வொர்க் மட்டத்திலேயே ஏற்காமல் விட்டுவிடும். அண்டர்டோ கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்டு உடனே 503 (இப்போது சேவை இல்லை) தரும். முன்னால் நிற்கிற லோட் பேலன்சருக்கு இரண்டும் ஒன்றல்ல. கனெக்‌ஷனே கிடைக்காவிட்டால் அடுத்த நோடுக்கு அனுப்பும்படி பலரும் செட் செய்திருப்பார்கள். 503-ஐ அப்படியே வாடிக்கையாளரிடம் தள்ளிவிடுகிற அமைப்புகள் நிறைய.

ஆனால் என் மனதில் தராசைச் சாய்ப்பது இதெல்லாம் இல்லை, சர்வ்லெட் பதிப்புகளோடு யார் நடை போடுகிறார்கள் என்பதுதான். சர்வ்லெட்டின் ஜாவாக்ஸ் பேக்கேஜ்கள் ஜகார்த்தா என்று பெயர் மாறியபோது டாம்கேட் 10 அதைச் சுமந்து வந்தது. 2022-இல் பூட் 3.0 வெளியானபோது டாம்கேட் 10.1 சர்வ்லெட் 6.0-க்குத் தயார், ஜெட்டி 11 இன்னும் 5.0-இல் இருந்ததால், ஜெட்டி வேண்டுமென்றால் சர்வ்லெட் ஏபிஐயைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2023-இல் ஜெட்டி 12 வந்து அதைச் சரிசெய்தது, அதுவும் வட்டியோடு: பழைய ஜாவாக்ஸ் அப்ளிகேஷனும் புது ஜகார்த்தா அப்ளிகேஷனும் ஒரே சர்வரில் பக்கத்துப் பக்கத்தில் ஓடலாம். பாதி தூரம் மைக்ரேஷன் செய்து நிற்கிற பெரிய ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல காரணம் ஜெட்டிக்கு வேண்டாம். அண்டர்டோவோ 2014-இல் அப்ளிகேஷன் சர்வரான வைல்ட்ஃப்ளை 8-இல் பழைய ஜேபாஸ் வெப்பின் இடத்தைப் பிடித்து ஜோராக வந்தது. 2025 நவம்பரில் பூட் 4 சர்வ்லெட் 6.1-ஐக் கட்டாயமாக்கியபோது அதற்கு அண்டர்டோ தயாராக இல்லை, ஆதரவே நீக்கப்பட்டது.

இதற்கு நடுவே ஜாவா 21 விர்ச்சுவல் த்ரெட்டுகளை (ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய லேசான த்ரெட்டுகள்) கொண்டுவந்து, குறைந்த த்ரெட்டில் நிறைய ரிக்வெஸ்ட் என்ற அண்டர்டோவின் பழைய வாதத்தையும் பாதி காலி செய்துவிட்டது. பூட் 3.2-இல் ஒரே ஒரு ப்ராப்பர்ட்டியை ஆன் செய்தால் டாம்கேட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் விர்ச்சுவல் த்ரெட்டில் ஓட்டும். 200 என்ற எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். ஹிகாரியின் 10 மட்டும் அங்கேயே நிற்கும்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் டாம்கேட்டிலேயே இருக்கலாம். சர்வரைத் தன் ப்ராடக்ட்டுக்குள் புதைக்க வேண்டியவரும், ஜாவாக்ஸ், ஜகார்த்தா இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டியவரும் ஜெட்டிக்குப் போகலாம். இன்றைக்கு பூட் 3-இல் அண்டர்டோ வைத்திருப்பவர்கள், பூட் 4 வேலையைத் தொடங்கும் முன்பே தனி ரிலீஸாக டாம்கேட்டுக்கு மாறிக்கொள்வது நல்லது. அப்போது வரம்பில்லாமல் போய்க்கொண்டிருந்த ஃபார்ம்கள் 2 எம்பியைத் தாண்டுகின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கையால் வொர்க்கர் எண்ணிக்கையை ஏற்றி வைத்திருந்தால் அந்த ப்ராப்பர்ட்டியை டாம்கேட் சீண்டக்கூட மாட்டாது, அதற்கான பெயரில் திரும்ப எழுத வேண்டும்.