அடித்தளச் சிங்க்: வென்ட் குழாயா, காற்று வால்வா?

அடித்தளத்தில் சிங்க் வைத்தபோது எங்களைப் படுத்தியது தண்ணீர் வரும் வழியோ போகும் வழியோ அல்ல, காற்று வரும் வழி. கழிவுக் குழாயிலிருந்து, காற்று போய்வர, ஒரு வென்ட் குழாயை மேலே ஏற்றி, கூரைக்குப் போகும் பழைய வென்ட்டோடு சேர்க்கலாம். அல்லது சிங்குக்கு அடியிலேயே காற்று வால்வு ஒன்றைப் பொருத்தலாம். முதலில் வால்வுதான் போட்டேன். இரண்டே வருடத்தில் கழற்றிவிட்டுக் குழாய்க்கு மாறினேன்.

சிங்கின் கீழே வளைந்திருக்கும் ட்ராப்பில் 2 முதல் 4 அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாக்கடை வாடையைத் தடுப்பது அதுதான். சிங்க் நிறைய இருந்த தண்ணீர் ஒரேயடியாக இறங்கும்போது பின்னால் காற்று வராவிட்டால், இந்தத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

வேலை என்று பார்த்தால் வால்வு அரை மணி நேரம். குழாய்க்குச் சுவரைக் கொத்த வேண்டும். அதில் பேச்சே இல்லை.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. வால்வுக்குள் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. குழாயில் உறிஞ்சல் வந்தால் எழும்பிக் காற்றை விடும், நின்றதும் தானே இறங்கி மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் மெல்ல ஒரு வாடை. ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவிப் பார்த்தோம், கசிவே இல்லை. கடைசியில் வால்வைக் கழற்றினால், சுவர் வேலையில் பறந்த சிமென்ட் தூசி சீலின் விளிம்பில் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வந்துவிட்டது. ஆனால் அசையும் பாகம் என்றால் ஒருநாள் இப்படித்தான். திறந்த குழாயில் அசைய எதுவும் இல்லை.

இன்னொன்று, வால்வு காற்றை உள்ளே மட்டும்தான் விடும். மேல்மாடியிலிருந்து தண்ணீர் மொத்தமாக விழும்போது அழுத்தப்படும் காற்றை அது வெளியேற்றாது. அடித்தள ட்ராப்தான் களக் களக் என்று கொப்பளிக்கும். சிங்க் தண்ணீர் பம்ப் குழிக்கு, அதாவது கழிவுநீர் சேர்ந்து பம்ப்பால் மேலேற்றப்படும் குழிக்குப் போகிறதென்றால் யோசிக்கவே வேண்டாம். குழி நிரம்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதற்குத் திறந்த வென்ட்தான்.

குழாய் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சிங்கின் விளிம்புக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் ஏறிய பிறகே வென்ட்டைப் படுக்கையாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு வரும்போது அழுக்கு அதற்குள் ஏறித் தங்கிவிடும். கழிவுக் குழாயின் வாட்டம் ஒரு அடிக்குக் கால் அங்குலம் போதும்.

குழாய் ஏற்ற வழியே இல்லாத இடத்தில் வால்வு தவறில்லை, உங்கள் ஊர் விதி அனுமதித்தால். படுக்கையாகப் போகும் கழிவுக் குழாய்க்கு 4 அங்குலமாவது மேலே, நிமிர்ந்து, கைக்கு எட்டும்படி வால்வு இருக்கட்டும். வீட்டில் ஒரு வென்ட்டாவது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும்.

நான் பார்த்தது ஒரே ஒரு வால்வு; தூசியில்லாத இடத்தில் அது நெடுநாள் உழைக்கலாம். குழாய்க்கும் ஒரு வருடம்தான் ஆகிறது. இப்போது சிங்கை விளிம்புவரை நிரப்பி அடைப்பானை இழுத்தால், கடைசிச் சுழல் இறங்கிய பிறகும் ட்ராப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.